கையில வாட்ச் இருந்தும் கதவு தொறக்கல

"என்ன மாப்ள, ஆப்பிள் வாட்ச் கட்டுனா மேக் கம்ப்யூட்டர் தானாத் தொறக்கும்னு சொன்ன? நானும் மணிக்கட்டத் தூக்கித் தூக்கிக் காட்டுறேன், அது பாஸ்வேர்ட அடின்னு நிக்குது."

மதுரை அண்ணாநகரிலிருந்து மாமா போன். அக்கா மகன் கேட்ட முதல் கேள்வி: "காலையில கரண்டு போச்சா மாமா?"

"போச்சு. அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

உண்டு. யுபிஎஸ் இல்லாத ஐமேக் (மாமாவின் மேசைக் கம்ப்யூட்டர்) கரண்டோடு சேர்ந்து அணைந்துவிடும். அப்படி அணைந்து எழுந்தால், முதல் தடவை பாஸ்வேர்டை அடித்தே ஆகணும். வாட்ச் அதற்குப் பிறகுதான் வேலைக்கு வரும். இது கோளாறே இல்லை. கையைத் தூக்கிக் காட்டவும் வேண்டாம், ஏதாவது கீயைத் தட்டி எழுப்பினால் போதும்.

அப்புறமும் திறக்கவில்லையா? செட்டிங்ஸுக்குள் பாயாமல் முதலில் கையைப் பாருங்கள். மாமாவின் இடது மணிக்கட்டில் கோயில் கயிறு நாலு. அதற்கு மேல் வாட்ச். கத்திரி வெயிலுக்கு வேர்க்கிறது என்று பட்டையும் ரெண்டு ஓட்டை தளர்வு. அடியில் இருக்கும் சென்சார் தோலைத் தொடாவிட்டால், கழற்றி வைத்துவிட்டார்கள் என்று நினைத்து வாட்ச் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். பூட்டிய வாட்ச் எதையும் திறக்காது. திரையில் குட்டிப் பூட்டுப் படம் தெரிந்தால் இதுதான் காரணம். மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தாலும் இதே தொல்லை. வாட்சுக்குப் பாஸ்கோடு கட்டாயம். கையில் கட்டியிருக்கிறதா என்று பார்க்கும் ரிஸ்ட் டிடெக்‌ஷனும் ஆன்.

அடுத்து மேக். "லேன் வயர் போட்டுட்டேன், வைஃபை எதுக்குன்னு அணைச்சிட்டேன்" என்றார் மாமா. அங்கேதான் வம்பு. வாட்ச் பக்கத்தில் இருக்கிறதா என்று புளூடூத் பார்க்கும். எவ்வளவு தூரம் என்பதை வைஃபை சிக்னல் போய்வரும் நேரத்தை வைத்து அளப்பார்கள். தெருக்கோடியில் இருப்பவரின் சிக்னலை இடையில் ஒருத்தன் கடத்திக் கொண்டுவந்து ஏமாற்றக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அதனால் வைஃபை ஆனில் இருக்கணும், எந்த நெட்வொர்க்கிலும் சேராவிட்டாலும் சரி. மேக்கிலிருந்து வீட்டுக்கே நெட் பகிரும் இன்டர்நெட் ஷேரிங் மட்டும் ஆஃப். யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கை மேக்கின் முதுகில் ஒட்டி வைத்திருந்தால் தள்ளி வையுங்கள்; அது கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுந்து புளூடூத்தைக் கெடுக்கும்.

ரெண்டிலும் ஒரே ஆப்பிள் அக்கவுண்ட் (முன்பு ஆப்பிள் ஐடி), அதில் பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் டூ ஃபேக்டர் ஆன். இதெல்லாம் சரியாக இருந்தும், சிஸ்டம் செட்டிங்ஸில் டச் ஐடி அண்ட் பாஸ்வேர்டு (டச் ஐடி இல்லாத மேக்கில் லாகின் பாஸ்வேர்டு) பக்கத்தில் வாட்ச் சுவிட்சைப் போட்டால் சக்கரம் சுத்திவிட்டுத் திரும்ப அணைகிறதா? வாட்சும் மேக்கும் ஜோடி சேர்ந்த பழைய பதிவு கெட்டுப்போயிருக்கும். மேக்கில் பாஸ்வேர்டுகள் சேர்ந்திருக்கும் கீசெயின் ஆக்செஸைத் திறந்து, வியூ மெனுவில் ஷோ இன்விசிபிள் ஐட்டம்ஸ் கொடுத்து, ஆட்டோ அன்லாக் (Auto Unlock) என்று தேடுங்கள். சேர்த்து எழுதி ஒரு தடவை, பிரித்து எழுதி ஒரு தடவை. அந்தப் பெயரில் வருவதை மட்டும் அழியுங்கள். பக்கத்தில் இருப்பது பேங்க் பாஸ்வேர்டாகக்கூட இருக்கும். பிறகு ஃபைண்டரில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு கோ மெனு, லைப்ரரி, ஷேரிங், ஆட்டோஅன்லாக். உள்ளே .plist என்று முடியும் ஃபைல்களை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். சுவிட்ச் முதல் தடவை முரண்டு பிடிக்கலாம், மறுபடி போடுங்கள். ஐகிளவுடிலிருந்து வெளியே வந்து நுழையச் சொல்லும் யோசனையைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அதில் போட்டோ காண்டாக்ட் எல்லாம் மறுபடி இறங்கணும்.

ஆபீஸ் மேக் என்றால் இவ்வளவு பாடும் வீணாகலாம். கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு ஆளே இதைத் தடுத்து வைத்திருக்க முடியும்.

மாமா கயிற்றை வலக்கைக்கு மாற்றினார், வைஃபையைப் போட்டார், திறந்துகொண்டது. மறுநாள் மறுபடி போன்.

"மாப்ள, நான் பக்கத்துக் கட்டில்ல தூங்குறேன். பேரப்பய ஸ்பேஸ் பாரைத் தட்டுனான், தொறந்திருச்சு. வாட்ச் மட்டும் கையில டொக்குன்னுச்சு."

"அது சரியாத்தான் வேலை செய்யுது மாமா. தூங்குறப்ப வாட்சக் கழட்டி வைங்க."