41 கிலோ ஏறிவிட்டது, லேத் பட்டறை புண்ணியத்தில்

நேற்று சாயங்காலம் ஓவர்ஹெட் பிரஸ், அதாவது நின்றபடி கம்பியைத் தலைக்கு மேல் தூக்குவது, 41 கிலோ, மூன்று செட், ஐந்து ஐந்து ரெப் (தடவை). கடைசி ரெப்பில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் கை முழுசாக நீண்டுவிட்டது. 41 எல்லாம் ஒரு எடையா என்று பெரிய கைகள் சிரிக்கலாம். உடம்பு 84.6-லிருந்து 77.9-க்கு இறங்கிய அதே ஐந்து மாதத்தில் கம்பி 35-லிருந்து 41-க்கு ஏறியிருக்கிறது. வயது 39. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

இதில் ஆறு வாரம் வெறும் தண்டம். எங்கள் ஜிம்மில் கம்பியில் மாட்ட இருக்கும் ஆகச் சின்ன பிளேட் 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் 5 கிலோ. கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் 80-லிருந்து 85 போவது வேறு. பிரஸ்ஸில் 35-லிருந்து 40 என்றால் ஒரே தாவலில் 14 சதவீதம். வயிறு நிறையச் சாப்பிடும் காலத்தில் தம் கட்டித் தாண்டிவிடலாம். தினம் நானூறு ஐநூறு கலோரி குறைத்துக்கொண்டிருக்கும்போது 40-ஐ இரண்டு தடவைக்கு மேல் தூக்க முடியவில்லை. மாஸ்டர், "டயட்டை விடுங்க, முதல்ல நல்லா சாப்பிட்டு ஏத்துங்க, அப்புறம் இறக்கிக்கலாம்" என்றார். அப்படி ஏற்றியதைத்தானே இப்போது இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆன்லைனில் அரைக் கிலோ பிளேட் கிடைக்கிறது, விலையைப் பார்த்தால் ஒரு மாத முட்டைக் காசு. கோயமுத்தூரில் இருந்துகொண்டு இரும்பு வில்லைக்குக் கூரியரா? கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறைக்குப் போனேன். கணக்கு நானே போட்டுக்கொண்டு போனது: 12 மி.மீ. தகடு, வெளிவிட்டம் 97 மி.மீ., நடுத்துளை 50. எட்டு வில்லை. பட்டறைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னுங்க இது, எந்த மிஷினுக்கு வாஷருங்க?" என்றார். "எனக்குத்தானுங்க" என்றேன்.

தப்பு என்னுடையதுதான். கம்பி முனை 50 மி.மீ. என்று எல்லோரும் சொல்வதை அப்படியே துளைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் கை சுத்தம், துல்லியமாக 50 போட்டுக் கொடுத்தார். ஜிம்மில் போய் மாட்டினால் வாயிலேயே நின்றுவிட்டது, சுத்தியல் இல்லாமல் போகாது. மறுபடி எடுத்துக்கொண்டு போய் 51-க்குக் குடையச் சொன்னேன். வீட்டுத் தராசில் 511 கிராம் காட்டியது 504 ஆனது, ஒன்று மட்டும் 501. பிசிரை நானே அரம் வைத்துத் தேய்த்தேன். எட்டுக்கும் சேர்த்து 900 ரூபாய், இரண்டாம் தடவைக் குடைச்சலுக்குக் காசு வாங்கவில்லை.

அப்புறம் 36-க்கு இறங்கி, வாரம் ஒரு கிலோ. 36, 37, 38, 39. 39-ல் ஒரு பக்கத்துக்கு நாலு வில்லை, கிளிப் மாட்டாவிட்டால் சலங்கை கட்டிய மாதிரி சத்தம். ஆறு வாரம் அசையாத 40, ஐந்தாம் வாரம் பேசாமல் மேலே போனது.

புரோட்டீனுக்குச் சாப்பிடும் சோயா உருண்டையையும் அதே தராசில்தான் நிறுக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதல் இரண்டு வாரம் ஊறவைத்துப் பிழிந்த சோயாவை 50 கிராம் நிறுத்து 26 கிராம் புரோட்டீன் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அது உலர்ந்த சோயாவின் கணக்கு. ஊறினால் மூன்று மடங்கு ஆகிவிடுகிறது, அப்படியென்றால் உள்ளே போனது ஒன்பதுகூட இல்லை. சாம்பார் பருப்பை நம்பியவர்களுக்கும் இதே கதிதான். ஒரு கரண்டியில் மிதக்கும் புரோட்டீன் சில கிராம்தான்.

என் இலக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் புரோட்டீன், உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம். கோழி, முட்டை இருந்தால் கஷ்டமில்லை. நடுவில் புரட்டாசி வந்தது. வீட்டில் முட்டை ஓடு கூடத் தெரியக்கூடாது. பன்னீரில் கொழுப்பு அதிகம், கலோரி பிய்த்துக்கொண்டு போகிறது. வே (பால் புரோட்டீன்) பவுடர் டப்பா விலையைக் கேட்டால் அதற்கு ஜிம்மே கட்டலாம். சோயாதான் காப்பாற்றியது. வெந்நீரில் இரண்டு தடவை ஊறவைத்துப் பிழிந்து, மிளகு தூக்கலாகச் சுக்கா மாதிரி வறுத்தால் அந்த நாற்றம் போய்விடும். அம்மா தொடவில்லை. "கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு கண்ணு, சுகர் டெஸ்ட் எடுத்துப் பாரேன்" என்பது மட்டும் வாரம் தவறாமல்.

இடுப்பு, தொப்புள் மட்டத்தில் 98-லிருந்து 89 செ.மீ. மூன்றாம் மாதம் கிரியேட்டின் (தசை வலுவுக்கான பவுடர்) ஆரம்பித்த வாரம் எடை ஒரு கிலோ ஏறிப் பயம் காட்டியது, அது தசையில் பிடித்த தண்ணீர். டேப் அப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த நாளிலிருந்து தராசை வாரச் சராசரிக்கு மட்டும்தான் நம்புகிறேன்.

ஸ்குவாட் கணக்கையும் எழுத நினைத்தேன், அதில் பெருமைப்பட இன்னும் ஒன்றும் இல்லை. உடம்பு 75-க்கு இறங்கும்வரை இதே ஓட்டம்தான். அதற்குள் கால் கிலோ வில்லை வேண்டும். பிரஸ்ஸில் 43-க்கு மேல் வாரம் ஒரு கிலோ ஓடாது என்று இப்போதே தோள் சொல்கிறது. அதே அளவு, தகடு மட்டும் 6 மி.மீ. பட்டறைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். துண்டுத் தகடு வந்ததும் கூப்பிடுகிறேன் என்றார், கூடவே கர்லாக்கட்டை கடைய நல்ல ஆள் தெரியுமா என்று என்னையே கேட்டார்.