நான் பாத்துக்கறேன் தம்பி

வீட்டுக்கே போய் நாய் குளிப்பாட்டுவது என் வேலை. அன்றைக்குப் போன சார் வீட்டு லேப்ரடார் நாய் சத்தமே போடாமல் குளித்து முடித்ததுதான் வினை. கால் வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் மேட், ஹோஸ் பைப் வேண்டாமென்று மக்கில் வெதுவெதுப்பான தண்ணீர், முதலில் கால், அப்புறம் முதுகு, முகத்துக்கு ஈரத்துணி மட்டும். குளிக்கும்போது நாய் கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைப்பார்கள், அது பெரும்பாலும் பதற்றம். அந்த இடத்தில் கையை நிறுத்தத் தெரிந்தால் போதும். "நாங்க குளிப்பாட்டினா வீடே ரெண்டாயிடும் தம்பி" என்றார் சார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த நிமிஷமே மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பூனையைக் காட்டி, "அதே ஷாம்புல அதையும் ஒரு அலசு அலசிடுங்க, அதுக்கும் உண்ணி இருக்கு" என்றார்.

அவரே வாங்கி வைத்திருந்த உண்ணி ஷாம்பு அது. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்தது. நாய் உடம்பு அதைச் சமாளித்துவிடும், பூனையின் கல்லீரலுக்கு அதை உடைத்து வெளியேற்றும் சக்தி போதாது. போட்ட சில மணி நேரத்திலேயே நடுக்கம், வலிப்பு என்று போய் உயிரே போகலாம். நக்கி நக்கியே சுத்தம் செய்துகொள்ளும் பிராணி, மேலே பட்டதெல்லாம் வயிற்றுக்குள்ளும் போகும். இதையெல்லாம் சொல்லித்தான் மாட்டேன் என்றேன்.

"நாய்க்குப் போடறதுதானே? பூனை சின்னது, கொஞ்சமா போடுங்க."

"கொஞ்சமும் வேண்டாம் சார். டாக்டர்கிட்ட காட்டி பூனைக்குன்னே இருக்கற மருந்தைக் கேளுங்க."

"சரி, நீங்க கிளம்புங்க. நான் பாத்துக்கறேன் தம்பி."

இன்னும் உறுத்துவது இந்தக் கடைசி வரிதான். டாக்டரிடம் போகிறேன் என்று சொன்னாரா, நீ போனதும் நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னாரா? முகத்தில் கோபம் இல்லை, சிரித்த மாதிரிகூட இருந்தது. பாட்டில் பாத்ரூம் திண்டிலேயே இருந்தது. அதைக் கையோடு எடுத்து வந்திருக்கலாம் என்று சில ராத்திரி தோன்றும். அடுத்தவர் காசில் வாங்கிய பொருளை எந்த உரிமையில் எடுப்பது? வீட்டுக்கு வந்து குளிப்பாட்டுகிறவன் நான், டாக்டர் இல்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

இப்படி நினைத்துச் சமாதானமானால் இன்னொன்று வந்து நிற்கும். அதே ஷாம்புவை நாய்க்குப் போட்டது நான்தானே. நன்றாக அலசினேன், ரோமம் முழுக்கக் காயும்வரை பூனையைப் பக்கத்தில் விடாதீர்கள் என்றும் சொன்னேன். ஆனால் ரெண்டும் ஒரே சாக்கில் ஒட்டிப் படுக்கிற ஜாதி, சார் வீட்டு அக்கா பெருமையாக போட்டோவே காட்டினார். பூனை இருக்கிற வீட்டில் அந்த பாட்டிலைத் திறந்ததே சரியா என்று கேட்டால், நாயின் காதுக்குள் உண்ணி கொத்துக்கொத்தாக இருந்ததைப் பார்த்தவர்கள் திறக்கத்தான் செய்வார்கள். அப்படித்தான் இன்றைக்கு நினைக்கிறேன். நாளைக்கு வேறு மாதிரி நினைக்கலாம்.

அவர் அதற்கப்புறம் கூப்பிடவில்லை. நானாக போன் பண்ணி "பூனை நல்லா இருக்கா சார்" என்று கேட்பது, போட்டுவிட்டீர்களா என்று விசாரிக்கிற மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் நாய்க்கு புக்கிங் வந்தால் வீட்டில் பூனை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன். போன வாரம் ஒருவர், "ஏன், அதுக்குத் தனி ரேட்டா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டார்.