அப்பா பெயரில் இருந்த தும்பிக்கை

அப்பா பெயர் அண்ணாமலை. 1978க்கு முன் எழுதப் படித்தவர்களுக்குத் தெரியும், இந்த ஒரே பெயரில் பழைய எழுத்து இரண்டு. கீழே சுழித்து மடங்கும் ‘ணா’, தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ‘லை’.

நான் காரைக்குடியில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டர், அதாவது அச்சுக் கோப்பவன். 1975இல், பதினேழு வயதில் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம், இவைதான் வேலை. கண் மூலப்பிரதியில் இருக்கும். கை தானாக கேஸில், அதாவது கட்டம் கட்டமான மரப்பெட்டியில், அந்தந்தக் கட்டத்துக்குப் போய் ஈய எழுத்தை எடுத்து, வரி கோக்கும் ஸ்டிக்கில் வைக்கும். கை இப்படிப் பழக எனக்கு ஆறு மாதம் ஆனது.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டது. பதின்மூன்று எழுத்துகள் மாறின. பெரியார் 1935லேயே தன் குடி அரசு இதழில் இப்படி அச்சடிக்கத் தொடங்கிவிட்டார். அவர் நூற்றாண்டையொட்டி அது அரசாங்க எழுத்தானது. ‘ஐ’யையும் ‘அய்’ என்று எழுதச் சொன்னார் அவர். அதை அரசு தொடவில்லை.

முதலாளிக்குச் சந்தோஷம், வாங்க வேண்டிய அச்சு குறைந்தது. எனக்குத்தான் எரிச்சல். ‘லை’க்கு ஒரு எழுத்து எடுத்த இடத்தில் இப்போது ‘ை’ ஒன்று, ‘ல’ ஒன்று. கல்யாணப் பத்திரிகையில் காலை, மாலை இல்லாமல் எதை அடிப்பது? பழைய அச்சையெல்லாம் எடைக்குப் போட்ட பிறகும் ஒரு மாதம் என் விரல் அந்தக் கட்டத்துக்கே போய், வெறும் மரத்தைத் தொட்டுத் திரும்பியது.

அப்பாவின் மளிகைக் கடைப் பலகைக்கு 1981இல் மறுபடி வண்ணம் அடித்தோம். பெயிண்டர் புது எழுத்தில் எழுதிவிட்டுப் போனார். அப்பா தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். “ஏம்ப்பா, என் பேர்ல இருந்த தும்பிக்கையை யாரு வெட்டுனது?” நான் அவர் பக்கம்தான் பேசினேன். பகலெல்லாம் புது எழுத்தைக் கோத்துவிட்டு வந்து அப்படிப் பேசியது இன்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, கேஸ் பரணுக்குப் போனது. டைப்ரைட்டர் விசைப்பலகையில் ‘ை’யை முதலில் தட்டி, பிறகு ‘ல’ தட்டப் பழகினேன். யூனிகோட் வந்ததும் அதுவும் தலைகீழ், ‘ல’ முதலில். இந்த முறை கோபமே வரவில்லை. நாலு நாள் தப்பாக அடித்தேன், சரியாகிவிட்டது.

போன வாரம் பீரோவில் அப்பாவின் பாஸ்புக் கிடைத்தது. கடைசிவரை பழைய எழுத்தில்தான் கையெழுத்துப் போட்டார். பேத்தி அதைப் பார்த்துவிட்டு, “தாத்தா, இது என்ன படம்?” என்றாள். எழுதிக் காட்டுகிறேன் என்று பேனாவை எடுத்தேன். ‘லை’ வந்துவிட்டது. ‘ணா’வின் சுழி எந்தப் பக்கம் மடங்கும் என்று கைக்குத் தெரியவில்லை. மூன்று தரம் அடித்து எழுதிவிட்டு, பாஸ்புக்கைப் பார்த்துத்தான் போட்டேன்.

மேலே அவர் பெயரை அடித்திருக்கிறேனே, அது அந்தப் பெயிண்டர் எழுதிய மாதிரிதான் இருக்கிறது. என் போனில் இப்படித்தான் வருகிறது.