உருண்டை மினுங்கவேணும் என்றால்

"தம்பி, இது மினுங்கேல்லை. இன்னும் கொஞ்சம் வெள்ளை போடுங்கோ." யாழ்ப்பாணத்தில் வடிவமைப்பு வேலை செய்கிற எவருக்கும் பழக்கமான வார்த்தைகள். ரியூசன் பதாகையில் பாடங்களின் பெயர் தாங்கும் குமிழ்கள், விளையாட்டுக் கழகச் சின்னம், கல்யாண அட்டையின் நிறைகுடம் என்று உருண்டையான பொருள் எங்கே வந்தாலும் இந்தக் கோரிக்கையும் கூடவே வந்துவிடும். கோரிக்கை நியாயமானது, சொல்லப்படும் வைத்தியம்தான் பிழை. வெள்ளையைக் கூட்டக் கூட்ட உருண்டை வெளிறும். மினுக்கத்தைத் தருவது ஒளிப்பொட்டின், அதாவது ஒளி தெறித்துத் தெரியும் திட்டின், விளிம்பு. அது கூராக வெட்டுப்பட்டிருந்தால் பரப்பு வழுவழுப்பாகத் தெரியும். அதே பொட்டைக் கலைத்துப் புகையாக்கினால் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் சோக்கட்டி மாதிரி மங்கிக் கிடக்கும்.

கணினிக்கு முன் உட்கார முதல் ஒரு கண்ணாடிப் போளையை (கோலிக்குண்டை) யன்னலோரம் பிடித்துப் பார்ப்பது நல்லது. மேல்பக்கத்தில் தெரிவது வெறும் வெள்ளைப் புள்ளி இல்லை. யன்னலே சிறிதாகி வளைந்து நிற்கும், கம்பிகளைக்கூட எண்ணலாம். உள்ளே புகுந்த ஒளி எதிர்ப்பக்கம் போய்த் திரள்வதால் போளையின் அடிப்பகுதிதான் பிரகாசமாக இருக்கும். பிளாஸ்ரிக் பந்தில் இது தலைகீழ்: ஒளி விழும் பக்கம் வெளிச்சம், எதிர்ப்பக்கம் இருட்டு, இருட்டுக்கு அப்பால் ஓரத்தில் மேசையிலிருந்து தெறித்த மெல்லிய வெளிச்சம். பித்தளைக் குடத்தில் ஒளிப்பொட்டே மஞ்சளாகும், ஏனென்றால் பித்தளை தான் தெறிக்கும் ஒளிக்குத் தன் நிறத்தை ஏற்றிவிடும். கண்ணாடியும் பிளாஸ்ரிக்கும் விளக்கின் நிறத்தையே திருப்பித் தரும். நிறைகுடத்தில் தூய வெள்ளைப் பொட்டு வைத்தால் அது பிளாஸ்ரிக் குடமாகிப்போவது இதனால்தான். எந்தப் பொருளை வரைகிறோம் என்று முடிவெடுக்காமல் தொடங்கினால் பாதிவழியில் ஒன்றுக்கொன்று முரணான ஒளி வந்து நிற்கும்.

பலர் கேட்பது கண்ணாடி உருண்டை, அதையே எடுத்துக்கொள்வோம். ஃபோட்டோஷொப்பில் 1200க்கு 1200 பிக்சல், ஆர்ஜிபி, 16 பிட். அச்சுக்குப் போனால் 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) இது 4 அங்குலம். எலிப்ஸ் ரூலை எடுத்து, ஷிப்ற், ஓல்ற் இரண்டையும் அழுத்தியபடி நடுவிலிருந்து 900 பிக்சல் வட்டம் இழுங்கள். தெரிவுக்கோடு போட்டு நிறம் ஊற்றாமல் ஷேப் லேயராகவே வைத்திருந்தால் பிறகு பெரிதாக்கும்போது ஓரம் சிதையாது.

லேயர் ஸ்ரைலில் கிரேடியன்ற் ஓவர்லே (நிறம் படிப்படியாக மாறும் பூச்சு), றேடியல், ஸ்கேல் 150. நீலத்துக்கு மூன்று நிறுத்தங்கள் போதும், எண்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்: தொடக்கத்தில் 120, 205, 255, 45 வீதத்தில் 20, 105, 195, முடிவில் 5, 35, 85. அந்தச் சாளரம் திறந்திருக்கும்போதே படத்தின் மேல் மவுஸை வைத்து இழுத்தால் கிரேடியன்றின் மையம் நகரும். அடியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் அதை நிறுத்துங்கள். மேல்பாதி இப்போது இருண்டிருக்கும். ஒளிப்பொட்டு எழும்பித் தெரிவதற்கு இந்த இருட்டு வேண்டும். பிளாஸ்ரிக் பந்து என்றால் மையம் மேல் இடதுபக்கம் போகும், மிக இருண்ட நிறம் 88 வீதத்தில் வரும், 100 வீதத்தில் 20, 75, 140 என்று கொஞ்சம் வெளிச்சமான நீலம் வைக்கவேண்டும். ஓரத்தில் தெறிக்கும் ஒளி அதுதான்.

அடுத்து இன்னர் ஷேடோ (உள்நிழல்): மல்ரிப்ளை (கீழுள்ள நிறத்தை இருட்டாக்கும் கலப்பு முறை), தூரம் 0, அளவு 55 பிக்சல், ஒபாசிற்றி 50. நிறம் கறுப்பாக இருக்கக்கூடாது. 5, 25, 65 போல ஆழ்ந்த நீலம் கொடுங்கள். கறுப்புக் கலந்தால் நிறம் அழுக்காகும், அச்சில் இன்னும் மோசமாகும்.

இனி ஒளிப்பொட்டு. நேரம் செலவழிக்கவேண்டிய இடம் இது. புதிய ஷேப் லேயரில் வெள்ளை நீள்வட்டம்: அகலம் உருண்டையின் 68 வீதம், உயரம் 42 வீதம், மேல் ஓரத்திலிருந்து 20 முதல் 25 பிக்சல் இடைவெளி. இடைவெளி விடாமல் ஓரத்தோடு ஒட்டினால் உருண்டையின் மேல்பகுதி வெட்டுப்பட்டதாகத் தெரியும். லேயர் மாஸ்க் (வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும்) போட்டு, மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாக நேர்கோட்டுக் கிரேடியன்ற் இழுங்கள். ஒபாசிற்றி 80. மேல்விளிம்பு கூராக நிற்க, கீழ்விளிம்பு கரைந்துபோகும். கவ்சியன் பிளர் (விளிம்பைக் கலைக்கும் மங்கல்) கொடுத்தே தீரவேண்டும் என்றால் 1 பிக்சலுக்கு மேல் வேண்டாம். மங்கல் உருண்டைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் 15, 20 பிக்சல் பிளர் கொடுத்ததால் கெட்டவை.

இன்னும் உயிர் வேண்டுமென்றால் யன்னல் வடிவம். நான்கு சிறு சதுரங்களை நடுவில் மெல்லிய இடைவெளி விட்டு அடுக்கி ஒன்றாக்கி, ட்ரான்ஸ்போமில் வார்ப், பல்ஜ் என்று போய் வளையுங்கள். நீள்வட்டத்தையும் யன்னலையும் சேர்த்து வைக்காதீர்கள், ஒன்று போதும். அடிப்பகுதியின் திரண்ட ஒளிக்கு 300 பிக்சல் தூரிகை, ஹாட்னஸ் 0, ஸ்கிரீன் மோட் (வெளிச்சமாக்கும் கலப்பு முறை), 30 வீதம். லீனியர் டொட்ஜ் மோட் இன்னும் பளிச்சென்று இருக்கும், ஆனால் சட்டென்று முழு வெள்ளையாக எரிந்து விவரம் போய்விடும்.

நிழல் இரண்டு வேண்டும். தரையைத் தொடும் இடத்தில் ஒடுங்கிய கருமை, 8 பிக்சல் பிளர், 65 வீதம். அதைச் சுற்றி அகன்றது, 40 பிக்சல் பிளர், 25 வீதம். அகன்றதை மட்டும் போட்டால் உருண்டை அந்தரத்தில் மிதக்கும். கண்ணாடி என்பதால் நிழலின் நடுவில் உருண்டையின் நிறத்தில் சின்ன வெளிச்சம் வைப்பதும் சரியே.

அடிக்கடி கெடுவது குளோபல் லைற், அதாவது கோப்பு முழுவதற்கும் பொதுவான ஒளிக்கோணம். வேறு கோப்பிலிருந்து உருண்டையை இழுத்து வந்தால் அது இந்தக் கோப்பின் கோணத்தை எடுத்துக்கொள்ளும். நிழல் ஒரு பக்கமும் ஒளிப்பொட்டு இன்னொரு பக்கமும் நிற்கும், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று படும். ஸ்ரைலில் குளோபல் லைற்றின் சரியடையாளத்தை எடுத்துவிட்டுக் கோணத்தைத் தனியே கொடுங்கள்.

கிரேடியன்றில் வளைய வளையமாகக் கோடு விழுவது அடுத்த தலையிடி. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மேலே சொன்ன நிறங்களில் பச்சை 205இலிருந்து 35க்கு இறங்குகிறது, 170 படி. அது 675 பிக்சலில் பரவினால் படிக்கு 4 பிக்சல். பதாகைக்காகப் பத்து மடங்கு பெரிதாக்கினால் 40 பிக்சல் பட்டை, தூரத்திலிருந்தே தெரியும். 16 பிட்டில் வேலைசெய்து, கடைசியில் அட் நொய்ஸ் (நுண்புள்ளி தூவும் ஃபில்ரர்) 1 வீதம், கவ்சியன், மொனோகுரோமற்றிக் கொடுத்தால் படிகள் உடைந்து மறையும்.

அச்சில் நீலம் ஊதாவாகிற முறைப்பாடு எங்கும் உள்ளது. திரையின் 0, 0, 255 நீலத்தை அச்சின் சிஎம்வைகே (சயான், மஜென்ரா, மஞ்சள், கறுப்பு) மையால் கொண்டுவர முடியாது. சயானைவிட மஜென்ராவைக் குறைந்தது 30 வீதம் தாழ்த்தி வைத்தால் நீலம் நீலமாக நிற்கும். வேலை செய்யும்போதே கன்ட்ரோலையும் Y எழுத்தையும் சேர்த்து அழுத்தி அச்சுத் தோற்றத்தைப் பார்த்துக்கொள்ளலாம். சிஎம்வைகேக்கு மாற்றும்போது லேயர்களை அப்படியே விட்டால் ஸ்கிரீனும் மல்ரிப்ளையும் வேறுமாதிரிக் கலந்து மினுக்கம் செத்துவிடும். மூலக்கோப்பைப் பத்திரப்படுத்தி, பிரதியை ஒற்றை லேயராக்கிய பிறகு மாற்றுங்கள்.

ஃபிளெக்ஸ் வேலைக்கு 300 பிபிஐ வீண். 10க்கு 6 அடிப் பதாகை 72 பிபிஐயில் 8640க்கு 5184 பிக்சல், லேயர் இல்லாமலே 8 பிட் சிஎம்வைகேயில் சுமார் 170 எம்பி. நல்லூர்த் திருவிழா நெருங்கும் நாட்களில் வேலை குவிந்திருக்கையில் இதற்கு மேல் பாரம் ஏற்றினால் கணினி நின்றுவிடும்.

2000ஆம் ஆண்டு ஆப்பிள் தன் கணினிகளுக்கு அக்வா என்ற பளபளப்பான திரைத் தோற்றத்தைக் காட்டியதிலிருந்து உலகமெல்லாம் இந்த உருண்டை ஓடியது. 2012, 2013இல் விண்டோஸ் 8உம் ஐஓஎஸ் 7உம் தட்டையாகப் போயின. 2025இல் ஆப்பிளே லிக்விட் கிளாஸ் என்று கண்ணாடிக்குத் திரும்பியது. இங்குள்ள பதாகைகள் எந்த அலைக்கும் பெரிதாக அசையவில்லை, அதில் தவறும் இல்லை. தெருவெயிலில் மங்கிய ஃபிளெக்ஸில் கண்ணை இழுப்பதற்கு மினுக்கம் உண்மையிலேயே உதவுகிறது.

சிறிதாக்கும்போதும் கவனம் வேண்டும். ட்ரான்ஸ்போம் மூலம் 900 பிக்சல் உருண்டையை 64க்குக் குறைத்தால் 55 பிக்சல் இன்னர் ஷேடோ தானாகக் குறையாது, உருண்டை முழுவதும் இருண்டுவிடும். லேயரையும் ஸ்ரைலையும் ஒரே பொருளாகப் பொதியும் ஸ்மார்ற் ஒப்ஜெக்ட் ஆக்கிய பிறகு குறையுங்கள், அல்லது லேயர் ஸ்ரைல் மெனுவில் ஸ்கேல் இஃபெக்ற்ஸ் போய் 7 வீதம் கொடுங்கள். முழுக்கோப்பையும் இமேஜ் சைஸில் குறைப்பதானால் ஸ்கேல் ஸ்ரைல்ஸ் அடையாளமிட்டிருக்கவேண்டும். 32 பிக்சலுக்கு இறங்கினால் யன்னலையும் இரட்டை நிழலையும் அழித்துவிட்டு, கிரேடியன்றையும் ஒளிப்பொட்டையும் மட்டும் வைத்துப் பிஎன்ஜியாகச் சேமியுங்கள்.