மாட் தெரு, 17

நவம்பர் 2, 2019, சனி

வேலை முடிய இரவு ஒரு மணி. கூட வேலை பார்க்கும் நண்பர், "வாங்க, ஒரு இடம் காட்டறேன்" என்று நியூயார்க், மன்ஹாட்டன் சைனா டவுனின் மாட் தெருவுக்கு இழுத்துப்போனார். செங்குத்தான படிகளில் இறங்கினால் தரைக்கடியில் வோ ஹாப். 1938இல் திறந்த சீனச் சாப்பாட்டுக் கடை. இந்த நேரத்திலும் படியில் வரிசை!

சுவரே தெரியாத அளவுக்கு வந்துபோனவர்களின் போட்டோக்களும், பெயர் எழுதி ஒட்டிய டாலர் நோட்டுகளும். உட்கார்ந்ததும் டீயும் மொறுமொறு நூடுல்ஸும் வந்தன. தொட்டுக்கொள்ள ஒரு தித்திப்பு சாஸ், மூக்கில் ஏறும் கடுகு. எக் ஃபூ யங் சொன்னோம். கனத்த முட்டை அடை, அது முழுகும்படி பழுப்பு நிறக் குழம்பு. "இதெல்லாம் சீனச் சாப்பாடே இல்லை" என்றேன், பெரிய நிபுணன் மாதிரி. நண்பர் பதிலே சொல்லவில்லை. வாய் நிறைய சோறு.

நவம்பர் 16, சனி

தனியாகப் போனேன். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது: இங்கே ரொக்கம் மட்டும், என்னிடம் கார்டு மட்டும். பரிமாறும் பெரியவரிடம் சொன்னேன். மேலே போ என்று கை காட்டினார், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. போட்டிருந்த கோட்டைக் கழற்றி நாற்காலியிலேயே ஈடாக விட்டுவிட்டு, குளிரில் ஏடிஎம் தேடி ஓடினேன். திரும்பி வந்தால் என் தட்டின் மேல் இன்னொரு தட்டு கவிழ்த்திருந்தது. திறந்ததும் ஆவி பறந்தது.

ஒரு டாலரில் 'ராசிபுரம்' என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஒட்டிவிட்டார்.

டிசம்பர் 7, சனி

இறாலும் 'லாப்ஸ்டர் சாஸும்'. அதில் லாப்ஸ்டர், அதாவது சிங்கி இறால், கிடையாது. கொத்திய பன்றிக்கறி, முட்டை, புளிக்கவைத்த கறுப்பு பீன்ஸ். தென்சீனாவின் கான்டன் பக்கத்தில் லாப்ஸ்டருக்குச் செய்யும் சாஸ், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சீனத் தொழிலாளிகள் வரக்கூடாது என்று அமெரிக்கா 1882இல் போட்ட சட்டம் 1943இல்தான் நீங்கியது. அதாவது இந்தக் கடை திறந்தபோது அது அமலில் இருந்தது. ஊரிலிருந்து பெண்டாட்டியைக்கூட எளிதில் கூட்டிவர முடியாத மனிதர்கள், கிடைத்த காயை வைத்து, உள்ளூர் நாக்குக்குத் தகுந்தபடி சமைத்த சாப்பாடு இது. போன மாதம் நான் விட்ட நிபுணர் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கோபி மஞ்சூரியன் தின்று வளர்ந்தவனுக்கு அந்த வாய் ஆகாது.

டிசம்பர் 25, புதன்

ஊரே அடைத்துக் கிடக்கிறது, இங்கே மட்டும் திருவிழாக் கூட்டம். கிறிஸ்துமஸன்று சீன உணவகத்துக்குப் போவது நியூயார்க் யூதர்களின் நெடுநாள் வழக்கம். பக்கத்து மேசையில் தாத்தா, மகள், பேரன். தாத்தா மெனுவைத் தொடவேயில்லை. அவர் வாய் திறக்கும் முன்பே சூப் வந்துவிட்டது.

மார்ச் 16, 2020, திங்கள்

இன்றிரவு எட்டு மணியோடு நியூயார்க்கில் எங்கேயும் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று உத்தரவு. சைனா டவுன் அதற்கு முன்பே காலியாகிவிட்டது. கொரோனா நகரத்துக்குள் வருமுன்னே பயம் வந்து சேர்ந்திருந்தது. பிப்ரவரியில் நானும்தான் போகவில்லை. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 18, 2022, சனி

போன திங்கட்கிழமை சிகாகோவில் ஜேம்ஸ் பியர்ட் விருது விழா, அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருது. 'அமெரிக்காவின் கிளாசிக்ஸ்' என்று இந்த வருடம் கௌரவித்த ஆறு கடைகளில் வோ ஹாப்பும் ஒன்று. சரி, இன்று போயே தீர வேண்டும் என்று கிளம்பினேன்.

அதே படி, அதே பழுப்புக் குழம்பு. என் டாலரைத் தேடினேன். அதன் மேல் யாரோ நாய்க்குட்டி போட்டோ ஒன்றை ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு 'ம்' மட்டும் எட்டிப் பார்த்தது.