ஜே, கே, பி, ஓ

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் போடும் நாக் குழு வருவதற்கு ரெண்டு மாசம் இருக்கும்போதுதான் 'சம வாய்ப்பு மையம்' ஃபைல் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. மதுரையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பொருளியல் சொல்லித்தருகிறேன். ஃபைலுக்குள் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2012 சமத்துவ விதிகளின் நகல், உறுப்பினர் பட்டியல், ரெண்டு கூட்டக் குறிப்பு. அந்தக் கூட்டங்கள் நடந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

எல்லாரையும் போல நானும் சாய்தளத்தில் ஆரம்பித்தேன். ஃபோட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்டலாமே! முன்வாசலில் மூணு படி, மொத்தம் ஒன்றரை அடி உயரம். கொத்தனார் ஆறடியில் சரித்து, பூசி, முடித்தேவிட்டார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. 18 அடி வேண்டும்.

"இதுல சக்கர நாற்காலி ஏறாதுண்ணே."

"பைக் ஜம்முன்னு ஏறும்மா."

இடித்து, பக்கவாட்டில் திருப்பி, மறுபடி போடப் பத்து நாள் ஆனது. அந்தப் பெருமையோடு எங்கள் தமிழ்த்துறை சாரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல காரியம் மேடம். ஆனா எனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. எனக்குத் தெரிந்திருந்தது நீல போர்டில் வரைந்திருக்கும் சக்கர நாற்காலி மட்டும்.

"சரி சார், உங்களுக்கு என்ன வேணும்?"

"சர்க்குலர் படிக்கணும்."

லேப்டாப்பைத் திறந்து, ஆபீஸிலிருந்து வந்த வேர்ட் ஃபைலைப் போட்டுக் காட்டினார். என்விடிஏ என்ற இலவச மென்பொருள்தான் அவருக்கு வாசித்துச் சொல்லும். தலைப்பில் 'தமிழ்' என்று இருந்த இடத்தில் அது "ஜே, கே, பி, ஓ" என்றது. முழுச் சுற்றறிக்கையும் இதே கதிதான். பாமினி எழுத்துரு! நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. கணினிக்கு உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் எடுத்து, வாட்ஸ்அப்பில் படமாக வருவது இன்னும் மோசம். அதற்கு மென்பொருள் வாயே திறக்கவில்லை.

ஒன்பது வருஷமாகப் பக்கத்து மேசைக்காரர் வாசித்துச் சொல்லித்தான் மனுஷன் ஓட்டியிருக்கிறார். பாடத்திட்டக் குழுவுக்கு அவர் பெயர் ஒருதடவைகூடப் போனதில்லை. "பாவம், அவரை எதுக்குச் சிரமப்படுத்தணும்?" என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் சொன்ன ஆட்களில் நானும் ஒருத்தி.

அடுத்து ஆபீஸ். அங்கே டைப் அடிக்கிற அக்காவுக்கு 22 வருஷப் பாமினி பழக்கம். எந்தக் கணினிக்கும் தமிழாகவே புரிகிற யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010லேயே தரமாக அறிவித்துவிட்டது என்று நான் இழுத்ததும், "அப்ப அரசாங்கத்தையே வந்து அடிக்கச் சொல்லு" என்று திரும்பிக்கொண்டார். கோபம் மாதிரி இருந்தாலும் அது பயம். ஓய்வு பெற மூணு வருஷம் இருக்கையில் விரலைப் புதுசாகப் பழக்க யாருக்கு மனசு வரும்? ரெண்டு வாரம் அவர் மேசையைச் சுற்றினேன். கம்ப்யூட்டர் துறைப் பையன் ஒருவன்தான் வழி சொன்னான்: என்ஹெச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளை இறக்கி, அதில் பாமினி விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். அக்கா வழக்கம்போல அடித்தார். திரையில் யூனிகோடாக விழுந்தது. "இதுக்கா இத்தனை நாள் என் உசுர வாங்குன?" என்றார். பழைய ஃபைல்களை மாற்றும் வேலை இன்னும் பாதியில் கிடக்கிறது.

வேறு ரெண்டு மாற்றங்கள் சீக்கிரம் முடிந்தன. நாலரை மணிக் கூட்டத்தை மதியத்துக்கு மாற்றினோம். உசிலம்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் பஸ் பிடிக்கிற ஆசிரியைகள் முதல்முறையாகக் கடைசிவரை உட்கார்ந்து பேசினார்கள். உதவித்தொகைக்காக வகுப்பில் "எஸ்சி பசங்கள்லாம் எந்திரிங்க" என்று கேட்பதை நிறுத்தினோம். இதற்கு மட்டும் ஒரு மூத்த பேராசிரியர் முறுக்கிக்கொண்டார். "1939லயே தாழ்த்தப்பட்டவங்கள மீனாட்சி கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போன ஊரு இது, இங்க என்ன பாகுபாடு?" என்றார். அந்தக் கோயில் நுழைவை முன்னின்று நடத்திய வைத்தியநாத ஐயர் அன்றைக்கு எத்தனை பேரைப் பகைத்துக்கொண்டு கூட்டிப்போனார் என்று பதிலுக்குக் கேட்டிருக்கலாம். எனக்கு அது வீட்டுக்கு வந்தபிறகுதான் தோன்றியது.

நாக் குழு வந்தது. சாய்தளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சுற்றறிக்கை எந்த எழுத்துருவில் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. தமிழ்த்துறை சார் இந்த வருஷம் பாடத்திட்டக் குழுவில் இருக்கிறார். முதல் கூட்டத்திலேயே ரெண்டு தாளை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டாராம்.

ஜனவரியில் துறைப் பொங்கல் விழா அழைப்பை அழகாக வடிவமைத்து, குரூப்பில் நானே படமாகப் போட்டேன். அஞ்சு நிமிஷத்தில் அவரிடமிருந்து குரல் செய்தி: "மேடம், ஏதோ படம் அனுப்பியிருக்கீங்க. பொங்கலா, இரங்கலா?"