மைக் வேண்டாம் என்ற நால்வர்

கிளிநொச்சிக்குக் கிட்ட ஒரு பாடசாலை மண்டபம். கொழும்பிலிருந்து நான்கு பிள்ளைகள் வருகிறார்கள், நால்வரும் சாக்ஸபோன், மேலைத்தேய சாஸ்திரிய இசை என்று அதிபர் தொலைபேசியில் சொன்னார். ஒலிபெருக்கி போடுவது எனக்கு 20 வருடத்துக்கு மேலான தொழில். எனக்குத் தெரிந்த சாக்ஸபோன் இரண்டு. கலியாண பாண்டில் பைலாவுக்கு நடுவே ஊதுவது ஒன்று, திருவிழாக் காலத்தில் நான் போடும் கத்ரி கோபால்நாத்தின் கர்நாடக இசை மற்றது. ஆறு மைக், நான்கு பெட்டி, மிக்ஸர், ஜெனரேற்றர் எல்லாவற்றையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு காலை 7 மணிக்கே போய்விட்டேன்.

நால்வருக்கும் 25 வயது தாண்டியிராது. இருப்பதிலேயே பெரிய கருவியான பாரிட்டோனைச் சுமந்து வந்த பிள்ளைதான் என்னிடம் பேசியது.

"குறை நினைக்காதீங்க அங்கிள், எங்களுக்கு மைக் வேணாம்."

"பின்வரிசைக்குக் கேட்காது, பிள்ளை."

"கேட்கும் அங்கிள். கேட்காட்டி அவங்க கிட்ட வரட்டும்."

எனக்கு மனம் ஆறவில்லை. சரி, புனல் வாயில் ஒரு மைக்காவது மாட்டுவோம் என்றேன். அப்போது அந்தப் பிள்ளை கருவியின் நடுப்பகுதிக்குக் கிட்ட என்னைக் காது வைக்கச் சொல்லி ஊதிக் காட்டியது. சாக்ஸபோனின் சத்தம் முழுக்கப் புனல் வாயால் வருவதில்லை. துளைகள் எல்லாவற்றையும் மூடி ஊதும் அடிச்சுரத்தில்தான் அது வாய் வரை போகிறது. மற்றச் சுரங்களில் பெரும்பகுதி திறந்த துளைகளாலேயே வெளியே வந்துவிடுகிறது. இத்தனை வருடமும் பாண்ட்காரருக்கு வாயில் கிளிப் மைக் மாட்டிவிட்டு, ஒரு சுரம் இடிக்கிறது, இன்னொன்று மெலிகிறது என்று மிக்ஸரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர்கள் வாசிப்பது சேம்பர் மியூசிக். அறைக்குள் இருந்து கேட்பதற்கென்று எழுதிய இசை. சின்னதிலிருந்து பெரிது வரை சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிட்டோன் என்று நான்கு வகை சாக்ஸபோன், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஆள். முன்னால் நின்று கையசைத்து நடத்துபவர் கிடையாது. உடம்பு பித்தளை என்றாலும் சத்தம் பிறப்பது வாயில் வைக்கும் நாணல் தகட்டில். நாதஸ்வரத்துச் சீவாளி இரட்டை, இது ஒற்றை. இரண்டையும் எச்சிலில் நனைத்துத்தான் ஊத வேண்டும்.

பிறகு மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார்கள். அரைச்சுவர் மண்டபம், தகரக் கூரை. அந்த வெக்கையில் நால்வரும் அரை மணி நேரம் சுருதி சேர்த்தார்கள். ஒலி 20 பாகை வெப்பத்தில் செக்கனுக்கு 343 மீற்றர் ஓடும், 35 பாகையில் ஏறத்தாழ 352. பெரிய மைதானத்தில் தூரத்துப் பெட்டிகளுக்குத் தாமதம் வைக்க நான் பாவிக்கும் கணக்கு இது. ஊதும் கருவிக்குள்ளும் இதே கணக்குத்தான் வேலை செய்கிறது, காற்றுச் சூடானால் சுருதி ஏறும். அவர்கள் கருவியின் கழுத்துத் தக்கையில் ஊதுவாயை மயிரிழை மயிரிழையாக வெளியே இழுத்து அதை இறக்கினார்கள். எனக்கு மிக்ஸரில் இருக்கும் பொறுமை அவர்களுக்கு விரல் நுனியில் இருந்தது.

முதலில் வாசித்தது சிங்கெலே என்பவர் எழுதியது. அடோல்ஃப் சாக்ஸ் இந்தக் கருவிக்குப் பாரிஸில் காப்புரிமை பெற்றது 1846 இல். 11 வருடம் கழித்து, அவருடைய நாட்டவரான இந்த பெல்ஜிய வயலின்காரர் நான்கு சாக்ஸபோனுக்கென்றே எழுதினார். ஆனால் எனக்கு அன்று பெரிதாகப் பட்டது அந்த இசை தொடங்கிய விதம். ஒன்று இரண்டு என்று யாரும் எண்ணவில்லை. சொப்ரானோ வாசிக்கும் தம்பி மூக்கால் ஒரு மூச்சு இழுத்தான். நால்வரும் ஒரே கணத்தில் தொடங்கிவிட்டார்கள். வேகமான பகுதிக்கு முன் அந்த மூச்சு வெடுக்கென்று வரும், மெல்லிய பகுதிக்கு முன் நீண்டு வரும். எந்த வேகம், எவ்வளவு சத்தம் என்பதெல்லாம் அதற்குள்ளேயே இருந்தது. மூச்சுச் சத்தத்தை வெட்டுவது எங்கள் தொழிலில் பழக்கம். பாடகர் மூச்சிழுப்பது பெட்டியில் கேட்டால் வேலை சரியில்லை என்பார்கள். நான் இவ்வளவு காலமும் வெட்டி எறிந்ததை வைத்து இந்தப் பிள்ளைகள் தாளம் பிடித்தார்கள்.

அடுத்தது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதியது. அவர் 1750 இல் காலமானவர், சாக்ஸபோனைக் கண்டிருக்க முடியாது. ஆனால் 'ஃபியூக் கலை' என்ற அந்தத் தொகுப்பில் எந்தக் கருவி என்று அவர் குறிப்பிடவில்லை, அதனால் நாங்களும் வாசிக்கலாம் என்று டெனர்காரத் தம்பி பிள்ளைகளுக்குச் சொன்னான். ஆல்ட்டோ தனியே ஒரு வரியைத் தொடங்கியது. பிறகு அதே வரியோடு சொப்ரானோ, பிறகு பாரிட்டோன், கடைசியில் டெனர். புதிதாக ஒருவர் வரும்போது மற்றவர்கள் தங்கள் சத்தத்தைக் கொஞ்சம் ஒதுக்கி இடம் விட்டார்கள். அது நான் மிக்ஸரில் விரலால் செய்கிற வேலை.

ரஷ்ய இசையமைப்பாளர் கிளாசுனோவ் 1932 இல் எழுதிய நால்வர் இசை கடைசி. அதன் இரண்டாம் பகுதி தேவாலயத்துக் கீதம் போல மிக மெதுவாகத் தொடங்கும். அப்போது பின்வரிசைப் பிள்ளைகள் சத்தமில்லாமல் தரையில் அரக்கி அரக்கி முன்னுக்கு வந்தார்கள். எனக்கு என் சின்ன வயது ஞாபகம் வந்தது. வன்னியில் மின்சாரம் இல்லாத 90களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி கேட்போம். சுற்றுகிறவர் களைத்தால் குரல் தேயும். சத்தத்தைக் கூட்ட வழியில்லாததால் நாங்கள் எல்லோரும் தலையோடு தலை முட்ட வானொலிக்குக் கிட்டப் போவோம்.

அந்த நேரத்தில்தான் மின்சாரம் நின்றது. அறிவிப்புக்கென்று போட்டிருந்த மிக்ஸரில் சிவப்பு விளக்கு அணைந்தது. பழக்கத்தில் ஜெனரேற்றரை நோக்கி எழுந்துவிட்டேன். இசை நிற்கவில்லை. மண்டபத்தில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அப்படியே உட்கார்ந்து முடிவு வரை கேட்டேன். நன்றியுரை சொன்ன மாணவியும் மைக் இல்லாமலே சொன்னாள், பின்னால் நின்ற எனக்கு ஒரு சொல்லும் தவறவில்லை.

அடுத்த கிழமை ஒரு கோயில் திருவிழா. நாதஸ்வரத்துக்கு வழக்கமாக வாய்க்கு நேரே வைக்கும் மைக்கை இரண்டு அடி பின்னுக்கு இழுத்து, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தேன். சத்தம் காணாது என்று உபயகாரர் இரண்டு தரம் வந்து சொன்னார். வித்துவான் ஐயா மைக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி, தூரப் போட்டுது?"

"நீங்கள் மூச்செடுக்கிறதும் கேட்கட்டும், ஐயா" என்றேன்.

அவர் சீவாளியை வாயில் வைத்து நனைத்தபடி, "சரி, இருக்கட்டும்" என்று தலையசைத்தார்.